கப்பலேறினவன் முடிச்சு

இல்லீங்க கணக்கரே, நீங்க கேட்டது அஞ்சாவது முடிச்சு. நான் இன்னும் மூணையே தாண்டல. வரிசையா கேளுங்க. அவசரம் இன்னா? தோணி சேத்துல குந்திக்கிச்சு. மொகத்துவாரத்துலேர்ந்து கடல் தண்ணி ஏறி வந்து தூக்கி வுட்டாத்தான் இது நவுரும். அதுக்கு வெயில் இன்னும் ஒரு பனை ஒசரம் ஏறணும். உச்சிப்பொழுது சாய்ஞ்சதும் கோட்டை வாசல்ல நின்னா போதும்னு, தொரைக்குப் பேச்சு மாத்திச் சொல்ற துபாஷி சொல்லி அனுப்பியிருக்கான். கோட்டையில நீங்க கணக்குப் பாக்கப் போற துணி மூட்டையும் அதுக்குள்ள எங்கியும் ஓடிடாது.

மறுபடி மொதல்லேர்ந்து கேளுங்க. மூஞ்சிய கொஞ்சம் கடுப்பா வெச்சிக்கங்க. நீங்கதான் ஒலாந்தாத் தொரை. காலைப் பரப்பிக்கினு குந்தி, வாயில பொகைக்குழாய வெச்சிக்கினு, எதிர்ல நிக்கிறவன் மூஞ்சியப் பாக்காம செவுத்தப் பாத்துக்கினு கேக்கணும். ஆங், அப்பிடித்தான். சிரிக்கக் கூடாது. நீங்க சிரிச்சா எனக்கு மறந்துபூடும்.

இதோ கவுறு. முடிச்சு முடிச்சா போட்டு வெச்சிருக்கேன் பாருங்க, ஒரு முடிச்சுக்கு ஒரு சட்டம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு, தடவினாலே தெரியும். எழுத்து எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்காதீங்க, நல்லாவே தெரியும். ஆனா கோட்டைக்குள்ள ஓலை எடுத்துக்கினு போவக் கூடாதாம். பாத்துப் படிக்கிறது வழக்கம் ஆவாதாம், வாயில தானா வர்றதுதான் வழக்கமாம். சரிடா, கவுறு எடுத்துக்கினு வரேன். இடுப்புல கவுறு இல்லாம எந்த வலைக்காரன் நடக்கிறான்? அத்த எவனும் கேக்க மாட்டான். வெரல்ல தடவிக்கினே ஒப்பிச்சுடுவேன்.

எட்டுதான் கீதா? ஒம்போது இருக்கணும். நடுவுல ஒண்ணு இன்னும் போடல. போட்டுக்கலாம். நீங்க கேளுங்க.

மொத முடிச்சு, மாமன் மவன். எங்க வலைக்காரங்கள்ல பொண்ணு மேல மொத பாத்தியதை தாய்மாமன் மவனுக்கு. அவன் வேணாம்னா ஊர் முன்னால நின்னு வாய் தொறந்து வேணாம்னு சொல்லணும். சொல்லிட்டா பொண்ணு யாரை வேணா கட்டலாம். அவன் அப்பறம் வந்து தலைகீழா நின்னாலும் செல்லாது.

ரெண்டாவது, வலைக்கண்ணு. தாலி கட்டறது எல்லாரும் கட்டறதுதான். எங்களுக்கு அதோட முடியாது. பொண்ணு மாப்ள வூட்டு வலையில ஒரு கண்ணு பின்னணும், தன் கையால. பின்னிட்டாத்தான் கல்யாணம். அது எந்தக் கண்ணுன்னு அந்த வூட்டுக்காரனுக்கு மட்டும் தெரியும். வலை கிழிஞ்சாலும் அந்தக் கண்ண மட்டும் வெட்ட மாட்டான். தொரைக்கு இத்த எப்பிடி புரிய வெக்கிறதுன்னுதான் தெரில. கோயில்ல பாதிரி முன்னால கையெழுத்துப் போடலியான்னு கேப்பான். இதான் எங்க கையெழுத்துன்னு சொல்லிடுவேன்.

மூணாவது, தீத்து வுடறது. ஒத்து வரலன்னா அந்த வலைக்கண்ண அறுத்துக் குடுத்துட்டா தீர்ந்துச்சு. அவன் அறுக்கலாம், அவளும் அறுக்கலாம். ஆமாங்க, அவளுந்தான். உங்க மீஞ்சூர் பக்கம் அப்பிடி இல்ல, தெரியும். அதனாலதான் உங்க பக்கத்துப் பொம்பளைங்க கிணத்துல வுழுறாங்க, எங்க பொம்பளைங்க வலையை அறுக்கறாங்க. கோச்சிக்காதீங்க, பேச்சுக்குச் சொன்னேன்.

நாலாவது, நீச்சல். இதுல நீங்க சிரிப்பீங்க. ஆத்தாளும் நைனாவும் பிரிஞ்சா புள்ள யாருக்கு? நீஞ்சத் தெரியாத புள்ள ஆத்தாகிட்ட. நீஞ்சத் தெரிஞ்ச புள்ள, யாரு நீச்சல் கத்துக் குடுத்தானோ அவன்கிட்ட. பெத்தவன்னு இல்ல, கத்துக் குடுத்தவன். ஏன்னா ஏரியில நம்ம உசுரு யாரு கையில இருந்துச்சோ அவன்தானே நைனா? எங்க ஊர்ல கோவிந்தம்மான்னு ஒருத்தி கீறா. புருசனோட தெனம் சண்டை. நீச்சல் கத்துக் குடுத்து புள்ளைய எடுத்துக்கினு பூடுவானோன்னு பையனை மொழங்காலுக்கு மேல தண்ணியில வுட்டதே இல்ல. அவனுக்கு இப்போ மீசை மொளைச்சிடுச்சு. கரையில குந்திக்கினு கருவாடு காய வெக்கிறான். பசங்க எல்லாம் அவனை நண்டுக்குஞ்சேன்னு கூப்புடறாங்க. நண்டுகூட நீஞ்சும், இவன் நீஞ்ச மாட்டான்.

தோ, சிரிச்சுட்டீங்க. தொரை சிரிக்க மாட்டான்.

அஞ்சாவதுதான் பெருசு. பாடு. ஏரி எல்லாருக்கும் பொது, ஆனா எறா எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி வராது. அதனால எந்த எடத்துல, எந்த நாள், எந்த வூட்டுக்காரன் வலை கட்டணும்னு மொறை வெச்சிருக்கோம். அந்த மொறைக்குப் பேருதான் பாடு. பாடு கீறவன் வூட்ல அடுப்பெரியும். பாடு போனா, தோ அங்க சேத்துல கையால தடவிக்கினு கீறான் பாருங்க, அந்த மாதிரி தடவித்தான் சாப்புடணும். அப்பன் செத்தா பாடு மவனுங்களுக்கு, நாள் கணக்குல பங்கு. மவன் இல்லாத பொம்பளை ஆளை வெச்சி கட்டிக்கலாம்.

யாரு, அவனா? தோணிக்காரன்தான், குப்பன். நம்மளை ஏத்திக்கினு வந்தவன். தண்ணி ஏர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு எறங்கி எறா தடவறான். அவனுக்குப் பாடு கீது, நல்ல பாடு. சும்மா குந்தத் தெரியாது அவனுக்கு, அவ்வளவுதான். நல்ல மனுசன்.

ஆறாவது, அறுத்துக் கட்டறது. புருசன் செத்தா கருமாதி முடிஞ்சதும் அவ இஷ்டம். இன்னொருத்தனைக் கட்டலாம். செத்தவனுக்குப் பொறந்த புள்ளைங்களுக்குச் செத்தவன் பாடு. ஊர் வாயைத் தொறக்கக் கூடாது.

எட்டாவது, தத்து. புள்ள இல்லாதவன்...

இன்னா? ஏழா? சொன்னேனே. சொல்லலியா?

சரி, அத்த அப்பறம் பாத்துக்கலாம். தத்து எடுக்கறதுன்னா அண்ணன் தம்பி புள்ளைய மட்டுந்தான் எடுக்கணும்னு இல்ல. புயல்ல அப்பன் ஆத்தாள வுட்ட புள்ளைய எவன் மொதல்ல தோணியில தூக்கிப் போட்டானோ அவன் வூட்டுப் புள்ள. ஒம்போதாவது, வழக்கு. எங்களுக்குள்ள எது வந்தாலும் மொதல்ல ஊர்ல பேசணும், அப்பறந்தான் கோட்டை. இந்த ஒம்போதாவதை மட்டும் தொரை ஒத்துக்க மாட்டான் பாருங்க. கேட்டுட்டு தலையாட்டுவான், ஒத்துக்க மாட்டான்.

எதுக்கு இந்தக் கூத்துன்னு கேக்கறீங்க. சொல்றேன். புதுசா வந்த தொரை உத்தரவு போட்டிருக்கான். ஒவ்வொரு சாதியிலேர்ந்தும் ஒரு ஆள் வரணும். கல்யாணம், புள்ள, பங்கு இதுக்கெல்லாம் அவங்க வழக்கம் இன்னான்னு சொல்லணும். ஒரே கேள்விய மூணு தரம் கேப்பாங்க, மாத்தி மாத்தி. மூணு தரமும் ஒண்ணாவே சொன்னா எழுதிக்குவாங்க, அந்தச் சாதிக்கு அதான் சட்டம். ஒரு எடத்துல தடுமாறினாலும் இவங்களுக்கு வழக்கம்னு ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டு, ஒலாந்தாக்காரன் புஸ்தகத்தையே நம்ம தலையில கட்டிடுவாங்க.

சாயக்காரங்க ஆளு போன மாசம் போனாரு. பெரிய மனுசன், நல்ல வாய். ரெண்டு தரம் கணீர்னு சொன்னாராம். மூணாவது தரம் தம்பி பங்கு கேட்டப்போ நாக்கு குழறிப் போச்சு. முடிஞ்சுது. இப்போ அவங்களுக்கு ஒலாந்தா சட்டம். அந்தப் புஸ்தகத்துல புருசன் செத்தா சொத்துல சரிபாதி பொஞ்சாதிக்காம். சாயக்காரத் தெருவுல ஆம்பளைங்க எல்லாம் எழவு வுழுந்த மாதிரி குந்தியிருக்கானுங்க. பொம்பளைங்க குனிஞ்ச தலை நிமிராம போறாங்க. ஏன் நிமிரலன்னா, நிமிந்தா சிரிப்பு வெளிய தெரிஞ்சிடும்.

அந்தப் புஸ்தகத்துல நல்லதும் கீது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது அவன் புஸ்தகம். நம்ம வூட்டுக்குள்ள எவன் யாருன்னு அவன் எழுதறதுக்கு நாம எதுக்கு உசுரோட இருக்கணும்?

என்னை ஏன் அனுப்பினாங்கன்னா, வேற எவனுக்கும் தொரை முன்னால கால் நிக்காது. எங்க பெரிய நாட்டாண்மை ஆதிநாராயணன் கீறாரே, ஊர்ல கத்தினா மூணு குப்பத்துக்குக் கேக்கும். கோட்டை வாசப்படிய மிதிச்சா குரல் பூனைக்குட்டி மாதிரி ஆயிடும். அவருதான் வந்து, தேசப்பா, நீ போடா, உனக்கு அவன் பாஷையும் ரெண்டு வார்த்தை தெரியும், எழுத்தும் தெரியும், பயமும் வுட்டுப் போச்சுன்னாரு. பயம் வுட்டுப் போச்சாம். பயம் மட்டுமா வுட்டுச்சு?

எழுத்து எங்க கத்துக்கினேனா? தரங்கம்பாடிப் பாதிரி ஆளுங்க வருவாங்க, அச்சடிச்ச காயிதத்தை சும்மாவே குடுத்துட்டுப் போவாங்க, ஏசுசாமி கதை. மத்தவனுங்க அதுல கருவாடு கட்டினானுங்க. நான் ஒரு ஆளைப் புடிச்சி எழுத்தெழுத்தா கேட்டுக் கத்துக்கினேன். வேதத்துல சேரல. எழுத்தை மட்டும் எடுத்துக்கினு மீதிய திருப்பிக் குடுத்துட்டேன். அப்போ ஒரு கொடுமை நடந்துக்கினு இருந்துச்சு, கணக்கரே. கப்பல் வந்து நின்னா போதும், நாங்க வலையை அப்பிடியே போட்டுட்டு ஓடிப் போய் அலைக்குள்ள படகு வுட்டு சரக்கு எறக்கணும். எறா ஓடற காலமா இருந்தாலும் சரி, வூட்ல பொணம் கெடந்தாலும் சரி. வராதவன் முதுவுல சவுக்கு. நான் காயிதம் எழுதினேன். ஒரு சின்னத் துண்டு. தோணி எங்களுது, அலை கடலம்மாளுது, கப்பல்தான் உன்னுது, வேணும்னா நீயே எறக்கிக்கோன்னு. அத்த கோட்டைக் கதவுல ஒட்டினேன். இன்னொண்ணு எழுதி சந்தையில, இன்னொண்ணு கோயில் மரத்துல. ஒருத்தனுக்கும் படிக்கத் தெரியாது, ஆனா அதுல இன்னா எழுதியிருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. ஒரு படகும் எறங்கல. கப்பல் நிக்குது, நிக்குது, நின்னுக்கினே கீது. கடைசியில தொரையே எறங்கி வந்தான். வலைக்காலத்துல கூப்புட மாட்டோம்னு ஒத்துக்கினான். இன்னிக்கும் கூப்புடறது இல்ல. இன்னிக்கும் அந்தச் சோத்தைத்தான் சாப்புடறானுங்க எல்லாரும்.

என்னை மட்டும் அந்தக் கப்பல்லயே ஏத்திட்டான்.

பத்தாவிக்கு. ஆமாங்க, கடலுக்கு அந்தாண்ட, ஒலாந்தாக்காரன் கட்டின ஊரு. பன்னெண்டு வருசம் கால்வாயில சேறு வாரினேன். கரையில நின்னு பாத்தாங்க எல்லாரும். என்னைக் கட்டி இழுத்துக்கினு போறப்போ ஒருத்தன் ஒரு கல்லை எடுக்கல. நான் அவங்களைத் திட்டல. அப்போ திட்டினேன். இப்போ திட்டறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. ஏரி வத்தி சேறு மட்டும் மினுமினுன்னு கெடக்குமே, அந்த மாதிரி.

வூட்லயா? இருந்தா. அதெல்லாம் கேட்டா முடிச்சு மறந்துபூடும். நீங்க மொதல்லேர்ந்து கேளுங்க.

மாமன் மவன், சொல்லிட்டேன். வலைக்கண்ணு. தீத்து வுடறது. நீச்சல், கத்துக் குடுத்தவன்தான் நைனா. பாடு. அறுத்துக் கட்டறது. தத்து.

மறுபடியும் வுட்டேனா?

உங்களுக்குக் காது நல்லா கீது, கணக்கரே. கணக்குப் பாக்கறவங்க இல்லியா. ஆமா, வுட்டேன். ஒவ்வொரு தரமும் அங்க வந்தா வெரல் அதுவா தாண்டிப் பூடுது. கவுத்துலயும் அந்த எடம் வெறுமனே கெடக்கு பாருங்க. மறதி இல்ல. பச்சப்புள்ளயா நான், மறக்கறதுக்கு.

அந்தக் கலயத்தை நவுத்தாதீங்க. வெயில் பட்டா பரவால்ல, அங்கியே கெடக்கட்டும். கூழுதான். பசிக்கல எனக்கு. நேத்து ராத்திரி சாப்புட்டேனே. இல்ல, நேத்து மத்தியானம். உங்களைச் சாப்புடச் சொல்லலாம், ஆனா எங்க கைத் தண்ணிகூட வாங்க மாட்டீங்க நீங்க. மூஞ்சியச் சுளிக்காதீங்க, நான் தப்பா சொல்லல. நீங்க வேற சாதி, வேற ஊரு, எங்க வூட்டு நல்லது கெட்டதுக்கு ஒறவு இல்ல. அதுவும் ஒரு விதத்துல நல்லதுதான். அப்பறம் சொல்றேன்.

சரி. ஏழாவது. அந்த ஒண்ணுக்குத்தான் இத்தனையும். மத்த எட்டையும் தொரை சும்மா பேருக்குக் கேப்பான். துபாஷி தாமோதரன் ஆளனுப்பி சொல்லிட்டான், தேசப்பா, ஏழாவதுதான் வெவகாரம், அத்த நல்லா மனப்பாடம் பண்ணிக்கினு வான்னு. இன்னா வெவகாரம்னா, வடக்கால குப்பத்துல செல்வம்மாள்னு ஒரு பொண்ணு. அவ புருசனை ஒலாந்தாக்காரன் கப்பல்ல ஏத்திட்டான். என்னைப் போல வம்பு பண்ணவன் இல்ல, பாவம், சும்மா கூலிக்குப் போனவன். திரும்பல. அவ காத்திருந்து பாத்துட்டு இன்னொருத்தனைக் கட்டிக்கினா. மூணு புள்ளைங்க. இப்போ மொதப் புருசனோட அண்ணன் கோட்டையில பிராது குடுத்துட்டான். என் தம்பி செத்தான்னு எவன் பாத்தான், அவ இன்னும் தம்பி பொஞ்சாதிதான், இந்தப் புள்ளைங்க தப்புக்குப் பொறந்தது, இதுங்களுக்குப் பாடு கெடையாதுன்னு. பாடு அவனுக்கு வேணும், அதான் விஷயம். ஒலாந்தா புஸ்தகத்துல அவன் சொல்றதுதான் சட்டமாம். பொணத்தைப் பாத்த சாட்சி இல்லாம அவ வேற கட்டக் கூடாது. கட்டினா குத்தம்.

எங்க ஏரியைச் சுத்தி எத்தினி வூட்டு ஆம்பளைங்களைக் கப்பல் முழுங்கியிருக்கு தெரியுமா? எத்தினி பொம்பளைங்க அறுத்துக் கட்டியிருக்காங்க? அந்தப் புஸ்தகம் வந்துச்சுன்னா அவ்வளவு பேரும் குத்தவாளி. அவ்வளவு புள்ளைங்களும் கரையில நின்னு அடுத்தவன் வலையைப் பாத்துக்கினு நிக்கணும்.

அதான் ஏழாவது முடிச்சு. கப்பலேறினவன் முடிச்சு. சொல்றேன், கேட்டுக்கங்க. கப்பலேறினவன் பொஞ்சாதி மூணு ஐப்பசி பாக்கணும். மூணு அடைமழையும் தாண்டி அவன் வரலன்னா, அவன் வலையில தான் பின்னின கண்ண அவளே அறுத்து ஏரியில வுடணும். வுட்டா அவன் செத்தவன். அவ யாரை வேணா கட்டலாம். அவன் வுட்டுட்டுப் போன புள்ளைங்களும் புதுசா வந்தவன் புள்ளைங்கதான், பாடு உட்பட.

இன்னும் முடியல. அடுத்த பாதி கீது. செத்தவன் திரும்பி வந்துட்டா?

ஆமாங்க, வருவானே. எப்பவாச்சும் ஒருத்தன் வந்துடறான்.

வந்தா, அவ ஒரு கலயம் கூழு காச்சி அவனுக்குக் குடுக்கணும். அத்த எங்க சாதி இல்லாத வெளி ஆள் ஒருத்தர் பாக்க அவன் குடிக்கணும். புருசனுக்குக் கூழு வூட்டுக்குள்ள, அடுப்புகிட்ட. வெளிய வெச்சி அந்நியன் பாக்க வாங்கிக் குடிச்சா அவன் ஒறம்பரை, விருந்தாளி. குடிச்சிட்டான்னா அவன் பாத்தியதை அதோட தீர்ந்துச்சு. குடிக்கலன்னா தீரல. வழக்கு தொங்கிக்கினே கெடக்கும். அவளுக்கும் நிம்மதி இல்ல, புதுசா கட்டினவனுக்கும் இல்ல, அந்தப் புள்ளைங்க பாடும் அந்தரத்துல நிக்கும்.

இன்னிக்கி நான் போய் இத்தச் சொன்னதும் தாமோதரன் இன்னா கேப்பான்னு எனக்குத் தெரியும். அவன் இந்த ஏரித் தண்ணி குடிச்சி வளந்தவன். தொரை காதுல ஓதுவான். தொரை என்னைப் பாத்து கேப்பான், நீயே கப்பலேறித் திரும்பி வந்தவன் ஆச்சே, நீ அந்தக் கூழைக் குடிச்சியா, யாரு பாத்தாங்கன்னு. இல்லன்னு சொன்னா முடிஞ்சுது. சொல்றவனே செய்யாத வழக்கம் இன்னா வழக்கம்னு எழுதிட்டு ஒலாந்தா புஸ்தகத்தைத் தூக்கிடுவான். பொய் சொல்லலாம். ஆனா வெளி ஆள் சாட்சி எங்கன்னு கேட்டா யாரைக் காட்டறது?

வந்து ஆறு மாசம் ஆவுது. நாகப்பட்டணத்துல கப்பல்லேர்ந்து எறக்கி வுட்டாங்க. கரையோடவே நடந்து வந்தேன். என் வூட்டு வாசல்ல போய் நின்னேன். எறவாணத்துல வலை தொங்கிக்கினு இருந்துச்சு. புது வலை. அவ இடுப்புல ஒரு புள்ள, காலண்டை ஒண்ணு. என்னைப் பாத்தா. கத்தல, அழுவல. அப்பறம் உள்ள போய் ஒரு கலயத்துல கூழு கொண்டாந்து வாசப்படியில வெச்சா. அவ மேல தப்பு இல்ல. மூணு ஐப்பசிக்கு எட்டு ஐப்பசி பாத்தாளாம். நான் அந்தக் கலயத்தைத் தொடாம வந்துட்டேன். ஏன்னா, தெரில. கோவம்னு அப்போ நெனச்சேன்.

அதுக்கப்பறமும் குடுத்தனுப்பினா, ரெண்டு மூணு தரம். நான் நண்டுக்கு ஊத்திட்டேன்.

நான் போறப்போ அவ வயித்துல ஒண்ணு இருந்துச்சு. பொண்ணு. கஸ்தூரின்னு பேரு வெச்சிருக்காங்க. ஒரு நாள் கரையில வலை காய வெச்சிக்கினு இருந்தேன். பக்கத்துல வந்து குந்திக்கினு, நீங்க யாரு வூட்டு ஒறம்பரைன்னு கேட்டுச்சு. என் மூக்கு அதுக்கு. நீஞ்சத் தெரியுமாம்மான்னேன். ஓடிப் போய் தண்ணியில பாஞ்சி அந்தக் கோடிக்குப் போய் திரும்பி வந்துச்சு, நீர்க்காக்கா மாதிரி. யாரு கத்துக் குடுத்தாங்கன்னேன். நைனான்னுச்சு. கையைக் காட்டுச்சு.

அதோ, அவனைத்தான்.

ஆமாங்க, குப்பனைத்தான். அங்காளம்மா புருசன். நான் வுட்டுட்டுப் போனவ பேரு அங்காளம்மா. இன்னிக்கி என்னைக் கோட்டைக்கு யாரு ஏத்திக்கினு போறதுன்னு பேச்சு வந்தப்போ, நான் போறேன்னு அவனே வந்தான். விடியறப்போ இந்தக் கலயத்தைத் தோணியில வெச்சான். யாரு குடுத்ததுன்னு சொல்லல, நானும் கேக்கல. எறா தடவப் போறேன்னுதான் எறங்கினான். இவ்வளவு நேரமா தடவறானே, கூடையில ஒரு எறா வுழுந்துச்சான்னு பாருங்க. இந்தப் பக்கம் திரும்பியே பாக்கல. இந்தத் தடத்துல பொறந்து வளந்தவன், கண்ண மூடிக்கினு தோணி வுடறவன், இன்னிக்கின்னு பாத்து சேத்துல ஏத்திட்டான். வெளி ஆளும் ஒருத்தர் தோணியில கீறீங்க. நான் ஒண்ணும் கேக்கப் போறது இல்ல அவனை.

உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. பாத்துக்கினு இருந்தா போதும். கோட்டையில கேட்டா, பாத்தேன்னு சொல்லணும், அவ்வளவுதான். மீஞ்சூர் கணக்கர் சொன்னா தாமோதரன் மறுபேச்சு பேச மாட்டான்.

அந்தக் கலயத்தை... இல்ல, நானே எடுத்துக்கறேன். நீங்க தொட வேணாம்.

இருங்க, மொதல்ல முடிச்சைப் போட்டுக்கறேன். தோ. எட்டும் ஒண்ணும் ஒம்போது. சரியா கீதா?

பாருங்க. நல்லா பாருங்க.

புளிப்பு ஏறிடுச்சு, வெயில் பட்டுது இல்ல. வெங்காயம் நசுக்கிப் போட்டிருக்கா. உப்பு எப்பவும் கொஞ்சம் தூக்கலாத்தான் போடுவா, இன்னும் அப்பிடியேதான் போடறா. பன்னெண்டு வருசத்துல அது ஒண்ணு மாறல.

அவ்வளவுதான். காலி. உள்ள பாத்துக்கங்க. ஒட்டியிருக்கறதையும் வழிச்சிட்டேன்.

ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் கீறேன். அழுவையா? அது இருந்தா தேவலாம்னுதான் நானும் குந்திக்கினு கீறேன்.

தோணி ஆடுது பாருங்க. தண்ணி ஏறிடுச்சு. டேய் குப்பா! ஏறி வாடா, போலாம். ஆங், ஆச்சுடா. ஆச்சு. கழிய எடு.

நீங்க கேளுங்க கணக்கரே, ஏழாவதுலேர்ந்து. மூணு தரம் கேக்கணும், மாத்தி மாத்தி. ஒரு நிமிசம், இந்தக் கலயத்தை மட்டும் ஏரியில அலசிடறேன். திருப்பிக் குடுக்கணும் இல்லியா, அடுத்தவங்க வூட்டுக் கலயம்.